முழுத்திரை டேட்டாபேஸ்: விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றுக்கும் ஒரே திரை

திருப்பூரில் நடுத்தர அளவுள்ள ஒரு பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். அக்கவுண்ட்ஸில் டாலி என்ற கணக்கு மென்பொருள் ஓடுகிறது, அதனால் அங்கே விண்டோஸை அசைக்க முடியாது. பிரின்ட் டிசைன் போடுகிறவர் மேக்கை விட்டு இறங்க மாட்டார். கட்டிங், செக்கிங், பேக்கிங் மேஜைகளில் இருப்பவை பழைய கம்ப்யூட்டர் பெட்டிகள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பெட்டிகளில் லினக்ஸ் ஏற்றி ஓட்டுவதுதான் கையைக் கடிக்காத வழி. ஈரோட்டு மஞ்சள் மண்டியிலும் கரூர் ஹோம் டெக்ஸ்டைல் ஆபீஸிலும் இதே கலவைதான், விகிதம் மட்டும் மாறும். ஆர்டர் ஒன்று, டேட்டாபேஸ் ஒன்று, அதைத் திறந்து பார்க்கிற ஓ.எஸ். (கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள்) மூன்று. மூன்றிலும் ஒன்றுபோல் ஓடும் ஒரே முழுத்திரை என்ட்ரி ஃபாரத்தை எப்படி வடிவமைப்பது என்பதுதான் இங்கே பேச்சு.

முழுத்திரை வேண்டும் என்று கேட்கிற முதலாளிகள் வழக்கமாகச் சொல்லும் காரணம், "பசங்க வேற எதையும் திறந்து பாக்காம இருக்கோணுங்க" என்பது. அது இதில் சின்ன விஷயம். முழுத்திரைக்குப் போகிற நிமிடத்தில் கடிகாரம், எந்த மொழி விசைப்பலகை ஓடுகிறது என்ற குறி, நெட்வொர்க் குறி, மூடும் பொத்தான் என்று ஓ.எஸ். அதுவரை கொடுத்துவந்த எல்லாம் ஆபரேட்டர் கண்ணில் இருந்து மறைந்துவிடும். மறைத்ததை நம் திரைக்குள் நாமே திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்தத் துறையில் வருகிற பாதித் தகராறு, மறைத்தவர்கள் திருப்பிக் கொடுக்க மறந்ததால் வருவது. மீதிப் பாதி, படம் எல்லா ஓ.எஸ்.ஸிலும் ஒன்றுபோல் வந்தாலும் விசைப்பலகையும் எழுத்தும் ஒன்றுபோல் வராததால்.

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் ஓடிய ஃபாக்ஸ்ப்ரோ என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் திரை 80 எழுத்து அகலம், 25 வரி உயரம். இன்றும் வேகமாக என்ட்ரி போடுகிற மூத்த கணக்கர்கள் அந்தப் பழக்கத்தில் வந்தவர்கள். மவுஸைத் தொடாமல் என்டர் தட்டியே ஒரு பில்லை முடிப்பார்கள். அந்த ஃபாக்ஸ்ப்ரோ 2.6 பதிப்பு டாஸ், விண்டோஸ், மேக், யூனிக்ஸ் நான்குக்கும் வந்தது. திரைக் கோப்பு ஒன்றுதான், ஆனால் அதற்குள் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனிப் பதிவுகள் இருக்கும். ஒரு ஃபீல்டு கூட்டினால் ஒவ்வொரு தளத்தின் பதிவையும் போய்ச் சரிசெய்ய வேண்டும். இன்றைக்கு "மேக்குக்கு மட்டும் ஒரு தனி லேஅவுட்" என்று தொடங்குகிறவர்கள் போய்ச் சேருகிற இடமும் அதுதான். தனி லேஅவுட் வேண்டாம். ஒரே லேஅவுட், அதன் அளவைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் போதும்.

எந்த அளவுக்கு வரைவது

டிசைன் செய்கிறவரின் மேஜையில் 1920×1080 திரை இருக்கும், செக்கிங் மேஜையில் 1366×768 லேப்டாப் இருக்கும். விண்டோஸ் 10-இல் டாஸ்க்பார் 40 பிக்சலை எடுத்துக்கொள்ளும், தலைப்புப் பட்டை ஏறத்தாழ 30. சாதாரண மேக்சிமைஸ் நிலையில் 768-இல் 700-க்குச் சற்றுக் குறைவாகத்தான் மிஞ்சும். முழுத்திரைக்குப் போனால் 768-உம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு வரைந்துவிடாதீர்கள். கண் சரியாகத் தெரியாதவர், திரையில் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கேலிங்கை 125 சதவீதம் ஆக்கி வைத்திருப்பார், அப்போது அந்தத் திரை நம் புரோகிராமுக்கு 1093×614 ஆகத்தான் தெரியும். 1920×1080 திரையிலும் 150 சதவீதம் வைத்தால் கிடைப்பது 1280×720. பழைய சதுர மானிட்டரில் 1024×768. பழைய 13 அங்குல மேக்புக் ஏரில் வழக்கமாக 1440×900.

எல்லாவற்றுக்கும் கீழே ஓடுகிற கோடு 1024×600. கட்டாயம் கண்ணில் பட வேண்டியவை எல்லாம் இதற்குள் அடங்கிவிட வேண்டும். உயரத்தை இப்படிப் பிரிப்போம்: மேல்பட்டை 48, ஆர்டர் எண், பையர், தேதி, ஸ்டைல் இருக்கும் தலைப்பகுதி 112, கட்ட அட்டவணை 400, கீழ்ப்பட்டை 40. ஒரு வரிக்கு 32 பிக்சல் வைத்தால் அட்டவணையில் தலைப்பு வரி போக 11 கலர் தெரியும். திரை பெரிதானால் அட்டவணை மட்டும் வளரட்டும். எழுத்தை ஊதிப் பெருக்குவதும் தவறு, திரை நடுவில் ஃபாரத்தை வைத்து இரண்டு பக்கமும் காலியாக விடுவதும் தவறு. 24 அங்குல மானிட்டர் வாங்கிக் கொடுத்த முதலாளி கூடுதலாகப் பத்து வரி தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்.

பனியன் கம்பெனியில் உயிர்நாடி கலர்–சைஸ் கட்டம். அகலக் கணக்கு இது: கலர் பெயருக்கு 170, எக்ஸ்எஸ் முதல் 4எக்ஸ்எல் வரை எட்டு சைஸுக்கு ஒவ்வொன்றுக்கும் 72 வீதம் 576, ஒவ்வொரு கலர் வரிசையின் மொத்தத்துக்கு 96. கூட்டினால் 842. இங்கேதான் ஓ.எஸ். வேலையைக் காட்டும். விண்டோஸில் ஸ்க்ரோல்பார் 17 பிக்சலை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும். மேக்கில் அது வழக்கமாக எழுத்தின் மேல் மிதந்து, கையை எடுத்ததும் மறையும். மேக்கில் 842-க்கு அளந்து வைத்த கட்டம் விண்டோஸுக்குப் போனதும் 17 பிக்சல் போதாமல், கீழே குறுக்குவாட்டில் இன்னொரு ஸ்க்ரோல்பார் முளைக்கும். அது ஒரு வரியை மறைக்கும். மறைந்த வரி கடைசிக் கலராக இருந்தால் மொத்த பீஸ் கணக்கு கண்ணுக்குத் தெரிகிறதோடு ஒத்துப்போகாது. ஆகவே 859 என்று முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். 1024-இல் மீதி 165, அதில் ஸ்டைல் போட்டோ உட்காரும்.

மேக்கில் ஸ்க்ரோல்பார் மறைவதால் இன்னொரு ஆபத்தும் உண்டு: கீழே இன்னும் கலர் இருப்பதே ஆபரேட்டருக்குத் தெரியாது. கட்டத்தின் அடியில் "14 கலரில் 1–11" என்று எழுதிவிடுங்கள். மூன்று ஓ.எஸ்.ஸிலும் அது நிற்கும்.

எழுத்தளவைப் பாயின்ட்டில் கொடுப்பது இன்னொரு பழைய பொறி. டெஸ்க்டாப் புரோகிராம்களில் விண்டோஸ் அங்குலத்துக்கு 96 என்றும் மேக் 72 என்றும் எண்ணும். 12 பாயின்ட் என்று எழுதினால் விண்டோஸில் 16 பிக்சல், மேக்கில் 12 பிக்சல். "மேக்கில் எழுத்து எறும்பு மாதிரி இருக்குங்க" என்கிற புகாருக்கு இதுதான் காரணம். பிக்சலில் கொடுங்கள். பிரௌசர் வழியாக ஓடும் திரைக்கு இந்தத் தொல்லை இல்லை.

எழுத்துருவை ஓ.எஸ்.ஸின் பொறுப்பில் விடவே கூடாது. விண்டோஸில் நிர்மலா யு.ஐ., பழைய பெட்டியானால் லதா. மேக்கில் தமிழ் சங்கம். லினக்ஸில் லோகித் அல்லது நோட்டோ. ஒரே "நூற்பாலை" ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் அகலம். நோட்டோ சான்ஸ் தமிழ் கட்டற்ற உரிமத்தில் கிடைக்கிறது, அதைப் புரோகிராமோடு சேர்த்தே அனுப்பிவிட்டால் அகலம் மூன்றிலும் ஒன்றாகிவிடும். எண்கள் எல்லாம் ஒரே அகலத்தில் இருக்கும்படி அமைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் 1,111-உம் 8,888-உம் ஒன்றின் கீழ் ஒன்று நேராக நிற்காது. வரி உயரம் எழுத்தளவைப் போல் 1.6 மடங்காவது இருக்கட்டும். ஆங்கிலத்துக்கு அளந்த கட்டத்தில் தமிழின் மேல் கொக்கியும் கீழ்ச் சுழியும் வெட்டுப்படும். சோதிக்க "ஸ்ரீ", "கிழங்கு", "நூல்", "ஞூ" போதும். லேபிளை ஃபீல்டுக்கு இடப்பக்கம் வைக்காமல் மேலே வைத்தால் "வாடிக்கையாளர் பெயர்" எவ்வளவு நீண்டாலும் ஃபீல்டைத் தள்ளாது.

இன்னொரு ஜன்னல் திறக்காதீர்கள்

மேக்சிமைஸ், முழுத்திரை, கியோஸ்க் மூன்றும் வேறு வேறு. முதலாவதில் டாஸ்க்பார் இருக்கும். இரண்டாவதில் மறையும், ஆனால் ஆபரேட்டர் வெளியே வரலாம். மூன்றாவது பூட்டு. பூட்டியே தீர வேண்டும் என்றால் குரோமையும் ஃபயர்ஃபாக்ஸையும் கியோஸ்க் முறையில் தொடங்கிவிடலாம். லினக்ஸ் பெட்டியில் ஒரே ஒரு புரோகிராமை மட்டும் காட்டுகிற 'கேஜ்' போன்ற சிறிய திரை மேலாளர் இருக்கிறது, ஆன் செய்ததும் நேராக நம் திரைதான் வரும். ஆனால் எந்த முறையானாலும் வெளியேறும் பொத்தான் ஒன்று கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும். அது இல்லாத தறிக்குடோனில் ஆபரேட்டர் செய்வது ஒன்றே ஒன்றுதான்: சுவரில் இருக்கும் சுவிட்சை அணைப்பார்.

முழுத்திரையில் இரண்டாவது ஜன்னல் திறப்பது மூன்று ஓ.எஸ்.ஸிலும் மூன்று விதமாகச் சொதப்பும். விண்டோஸில் நம் ஜன்னலை "எப்போதும் மேலே" என்று வைத்துவிட்டு, தாய் ஜன்னலைச் சொல்லாமல் ஒரு செய்திப் பெட்டியைத் திறந்தால், பெட்டி பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். முன்னால் இருக்கும் திரை எதற்கும் அசையாது. "ஏனுங்க, ஹேங் ஆயிருச்சுங்க" என்று போன் வரும். ஹேங் ஆகவில்லை, "சேமிக்கவா?" என்ற கேள்வி யாருக்கும் தெரியாமல் பின்னால் காத்திருக்கிறது. மேக்கில் முழுத்திரை ஜன்னல் தனக்கென்று ஒரு தனித் தளத்துக்குப் போய்விடும். அங்கிருந்து திறக்கிற புது ஜன்னல் பல சமயம் டேப் ஆக ஒட்டிக்கொள்ளும். ஜன்னல்களைத் திரையில் காட்டுகிற லினக்ஸின் வேலண்ட் முறையில் ஒரு புரோகிராம் தன் ஜன்னலை இன்ன இடத்தில் வை என்று சொல்லவே முடியாது, சேமித்து வைத்த இடக்கணக்கு எல்லாம் வீண்.

தீர்வு மூன்றுக்கும் ஒன்றுதான். பார்ட்டி தேடல், புது ஐட்டம், சேமிக்கவா என்ற கேள்வி எல்லாமே அதே ஜன்னலுக்குள் வலப்பக்கத்தில் இருந்து திறக்கும் பலகையாக இருக்கட்டும். 380 பிக்சல் அகலம் போதும், அட்டவணையின் இடப்பாதி மறையாது. சரி, ரத்து பொத்தான்களின் வரிசை விண்டோஸில் ஒரு மாதிரி, மேக்கிலும் லினக்ஸின் க்னோம் டெஸ்க்டாப்பிலும் தலைகீழ். பொதுவான மென்பொருளானால் அந்தந்த ஓ.எஸ். வழக்கத்தைப் பின்பற்றலாம். இங்கே காலையில் அக்கவுண்ட்ஸில் இருக்கும் அதே பெண் மதியம் பேக்கிங்கில் உட்காருவார், அதனால் நம் திரைக்கு ஒரே வரிசை. அழிக்கும் பொத்தானுக்கு மட்டும் என்டர் தட்டினால் வேலை செய்யும் உரிமையைக் கொடுக்காதீர்கள்.

மேல்பட்டையின் 48 பிக்சலுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டியவை: கம்பெனி, நிதியாண்டு, யார் லாகின் செய்திருக்கிறார், சர்வரோடு தொடர்பு இருக்கிறதா, மணி. மணியை சர்வரில் இருந்து எடுங்கள். ஒரே பெட்டியில் விண்டோஸும் லினக்ஸும் போட்டிருந்தால், மதர்போர்டு கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கும், லினக்ஸ் கிரீன்விச் நேரமாகப் படிக்கும். மாறி மாறி பூட் செய்தால் 5½ மணி நேரம் நகர்ந்துவிடும். இரவு ஷிஃப்ட்டின் உற்பத்தி வேறு தேதியில் போய் விழும், ஷிஃப்ட் கணக்கில் சம்பளம் வாங்குகிறவர் சும்மா விடமாட்டார். பதிவு நேரத்தை சர்வரே போடும்படி வைத்துவிட்டால் பெட்டியின் கடிகாரம் எப்படியும் போகட்டும்.

விசைப்பலகை

அழகைவிட இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். என்டர் அடுத்த ஃபீல்டுக்குப் போக வேண்டும் என்பது நம் ஊரில் எழுதாத சட்டம். டாலி பழக்கிய கை. டேப் மட்டும்தான் நகர்த்தும் என்றால் முதல் நாளே திரையை ஒதுக்கிவிடுவார்கள். கட்டத்தில் என்டர் வலப்பக்கம் போகட்டும், கடைசி சைஸில் என்டர் தட்டினால் அடுத்த கலரின் முதல் சைஸுக்கு இறங்கட்டும்.

ஃபங்ஷன் விசைகளைப் பங்கு போடுவதுதான் தலைவலி. பிரௌசரில் எஃப் 1 உதவி, எஃப் 3 தேடல், எஃப் 5 ரெஃப்ரெஷ், எஃப் 6 முகவரிப் பட்டை, எஃப் 7 கர்சர் உலாவல், எஃப் 11 முழுத்திரை, எஃப் 12 டெவலப்பர் கருவி. எஃப் 10 பல இடங்களில் மெனுவைத் திறக்கும். மேக்கில் எஃப் 11 டெஸ்க்டாப்பைக் காட்டும், அதற்கும் முன்னால், மேக் விசைப்பலகையில் மேல்வரிசை ஒளியையும் ஒலியையும்தான் கூட்டிக் குறைக்கும். எஃப் என் விசையைச் சேர்த்து அழுத்த வேண்டும் அல்லது செட்டிங்ஸில் மாற்ற வேண்டும். ஆல்ட்டோடு எழுத்தை அழுத்தி மெனு திறக்கும் விண்டோஸ் பழக்கம் மேக்கில் கிடையாது. கன்ட்ரோல் என், கன்ட்ரோல் டபிள்யூ போன்றவை சாதாரண டேப்பில் பிரௌசருக்குச் சொந்தம், நம்மால் பிடிக்க முடியாது.

எல்லாம் போக எஃப் 2, எஃப் 8 போன்ற ஒன்றிரண்டுதான் ஓரளவு சும்மா கிடக்கின்றன. எனவே இருபது குறுக்குவழி வைக்கிற எண்ணத்தை விட்டுவிடுங்கள். எஃப் 2 அழுத்தினால் கீழ்ப்பட்டையில் 1 சேமி, 2 புதிது, 3 தேடு, 4 பிரின்ட், 9 வெளியேறு என்று எண்கள் எழும்பட்டும், எண்ணைத் தட்டினால் வேலை நடக்கட்டும். எண்ணைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு: தமிழ்99 விசைப்பலகை ஓடிக்கொண்டிருந்தாலும் எண் விசை எண்ணைத்தான் கொடுக்கும். எழுத்தை வைத்துக் குறுக்குவழி வைத்தால், "எஸ்" விசை தமிழ் எழுத்தாக வந்து சேமிப்பே நடக்காது. எழுத்துக் குறுக்குவழி வேண்டியே தீரும் என்றால், வந்த எழுத்தைப் பார்க்காமல் அழுத்திய விசையின் இடத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பிரௌசர் இரண்டையும் தனித்தனியே சொல்லும்.

எஸ்கேப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆபரேட்டருக்கு எஸ்கேப் என்றால் "இந்த ஃபீல்டை விட்டு வெளியே வா". நம் பக்கமே நிரல் மூலம் முழுத்திரைக்குப் போயிருந்தால் பிரௌசருக்கு எஸ்கேப் என்றால் "முழுத்திரையை விட்டு வெளியே வா". இரண்டும் ஒரே தட்டில் நடந்து திரை சுருங்கி விரியும். குரோம் வகைப் பிரௌசர்களில் எஸ்கேப்பைப் பூட்டி வைக்க வசதி உண்டு, பூட்டினால் அழுத்திப் பிடித்தால்தான் வெளியேறும். ஃபயர்ஃபாக்ஸும் இருக்கிற இடமானால், தொடங்கும்போதே கியோஸ்க் முறையில் தொடங்குவது தேவலாம்.

அடுத்தது மொழிக் குறி. டாஸ்க்பார் மறைந்ததும் தமிழ் ஓடுகிறதா ஆங்கிலம் ஓடுகிறதா என்று தெரியாது. விண்டோஸிலும் மேக்கிலும் டெஸ்க்டாப் புரோகிராம் ஃபீல்டுக்கு ஏற்றபடி விசைப்பலகையை மாற்றிவிடலாம். வேலண்டிலும் பிரௌசரிலும் முடியாது. மூன்றுக்கும் பொதுவாகச் செய்யக்கூடியது: ஸ்டைல் எண், ஜி.எஸ்.டி. எண், வண்டி எண் போன்ற ஃபீல்டில் முதல் தமிழ் எழுத்து விழுந்த உடனே ஓரத்தைச் சிவப்பாக்கி "ஆங்கிலத்துக்கு மாற்றவும்" என்று காட்டுவது. சேமிக்கும்போது சொன்னால் அதற்குள் பத்து வரி தட்டி முடித்திருப்பார். ஒலிபெயர்ப்பு முறையில் தட்டுகிறவர்களுக்கு இன்னொன்று: சொல்லைத் தேர்ந்தெடுக்க அவர்கள் தட்டும் என்டரை நம் திரையும் பிடித்து அடுத்த ஃபீல்டுக்குத் தாவிவிடும். சொல் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறதா என்ற குறியைப் பார்த்துவிட்டுத்தான் என்டரை ஏற்க வேண்டும்.

"கொங்கு" என்று தேடினால் ஏன் கிடைப்பதில்லை

பார்ட்டி லிஸ்ட்டில் "கொங்கு நிட்டிங்" கண்ணெதிரே இருக்கிறது. தேடல் பெட்டியில் அதே பெயரைத் தட்டினால் ஒன்றும் வரவில்லை. காரணம் "கொ"வுக்குள் இருக்கிறது. யூனிகோடில் ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேர்க்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என்று இரண்டு குறியாகவும் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. டேட்டாபேஸுக்கு, முதல் முறையில் எழுதிய கொங்கு என்ற முழுச் சொல் 6 குறி, 18 பைட். இரண்டாவது 7 குறி, 21 பைட். விசைப்பலகையில் நேராகத் தட்டினால் பெரும்பாலும் முதல் வகை வரும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இருந்து மாற்றிக் கொண்டுவந்த பார்ட்டி லிஸ்ட்டில் இரண்டாம் வகை கலந்திருக்கும், அந்த முறைகளில் கொம்பு, க, கால் என்று தனித்தனியாகத் தட்டியதால். மேக்கின் பழைய ஹெச்.எஃப்.எஸ். பிளஸ் வட்டில் வைத்த கோப்புப் பெயர்களும் பிரிந்த வடிவில் இருக்கும். அங்கிருந்து கோப்புகளை லினக்ஸ் சர்வருக்குக் கொண்டுவந்தபின், "கொங்கு_பி.ஓ." என்ற பி.டி.எஃப்.-ஐ டேட்டாபேஸில் இருக்கும் பெயரை வைத்துத் திறக்கப் போனால் கோப்பே இல்லை என்று சொல்லும். இணைப்புக் கோப்புகளுக்கு எண்ணையே பெயராக வைத்து, தமிழ்ப் பெயரை டேட்டாபேஸில் மட்டும் வைத்தால் இந்த வம்பு வராது.

பெயர் ஃபீல்டுகளுக்கு, உள்ளே வரும் எல்லாத் தரவையும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றித்தான் சேமிக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் 13-ஆம் பதிப்பில் இருந்து இதற்கு உள்ளமைந்த வசதி இருக்கிறது. ஆனால் அது தீர்க்காத இரண்டு உண்டு. "ஸ்ரீ" நம் ஊர்க் கம்பெனிப் பெயர்களில் பாதியில் வரும். அதை ஸகரத்தை வைத்தும் எழுதலாம், யூனிகோடில் 2005-இல் சேர்ந்த ஶகரத்தை வைத்தும் எழுதலாம், திரையில் வித்தியாசம் தெரியாது. இன்னொன்று "கௌசல்யா". ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பு போட்டுப் பக்கத்தில் ளகரத்தைத் தட்டிவிடுவார்கள். இவற்றுக்கு அட்டவணையில் ஒரு தனித் தேடல் பத்தி (column) வைக்க வேண்டும். பெயரைச் சேமிக்கும்போது, சேர்ந்த வடிவத்துக்கு மாற்றி, ஶகரத்தை ஸகரமாக்கி, ஔகாரக் குறியைக் கொம்பும் ளகரமுமாகப் பிரித்து, கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளையும் இரட்டை இடைவெளிகளையும் எடுத்துவிட்டு அந்தப் பத்தியில் போடுங்கள். தேடும் சொல்லுக்கும் இதே மாற்றத்தைச் செய்துவிட்டு ஒப்பிடுங்கள். ஔகாரத்தைப் பிரிப்பதுதான் சரி, ளகரத்தைச் சேர்த்து ஔகாரமாக்கப் போனால் "கெளுத்தி" மாதிரி நிஜமாகவே ளகரம் வரும் சொல் உடைந்துவிடும். திரையில் காட்டுவது எப்போதும் மூலப் பெயர்தான்.

பத்தியின் நீளத்திலும் கவனம். 20 என்று வைத்தால் போஸ்ட்கிரெஸ் 20 குறி என்று எண்ணும், ஆரக்கிள் டேட்டாபேஸ் வழக்கமான அமைப்பில் 20 பைட் என்று எண்ணும். தமிழில் ஒரு குறிக்கு 3 பைட், ஆக "கொங்கு" என்ற ஒரு சொல்லோடு ஆரக்கிளின் இடம் முடிந்தது.

வரிசைப்படுத்துவதும் ஓ.எஸ்.ஸைப் பொறுத்து மாறும். குறி எண் வரிசைப்படி அடுக்கினால் முதலிபாளையம் முன்னாலும் முத்தூர் பின்னாலும் வரும், ஏனென்றால் யூனிகோடில் புள்ளிக்குக் கடைசிப் பக்கம் இடம் கொடுத்திருக்கிறார்கள். அகராதி வரிசையில் முத்தூர்தான் முன்னால். போஸ்ட்கிரெஸ் தன் வழக்கமான அமைப்பில் அது ஓடும் ஓ.எஸ்.ஸின் வரிசை விதியை எடுத்துக்கொள்ளும், அதனால் மேக்கில் சோதித்த வரிசை லினக்ஸ் சர்வரில் வராது. லினக்ஸிலேயே 2018-இல் அதன் அடிப்படை நூலகமான க்ளிப்சியின் 2.28 பதிப்பு வந்தபோது விதி மாறி, பழைய இண்டெக்ஸ்களை மறுபடி கட்ட வேண்டியிருந்தது. போஸ்ட்கிரெஸின் 10-ஆம் பதிப்பில் இருந்து, ஓ.எஸ்.ஸைச் சாராத ஐ.சி.யூ. என்ற நூலகத்தின் வரிசை விதிகளைப் பயன்படுத்தலாம், பெயர்ப் பத்திகளுக்குத் தமிழ் ஐ.சி.யூ. விதியைக் கொடுத்துவிடுங்கள்.

மற்ற டேட்டாபேஸ்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மை எஸ்க்யூஎல் விண்டோஸில் அட்டவணைப் பெயரின் பெரிய, சின்ன எழுத்தைப் பொருட்படுத்தாது, லினக்ஸில் பொருட்படுத்தும். எல்லாப் பெயரையும் சின்ன எழுத்திலேயே வைத்துவிட்டால் சர்வரை மாற்றும்போது தகராறு இல்லை. எஸ்க்யூலைட் ஒரே பெட்டிக்கு அருமையானது, ஆனால் அந்தக் கோப்பை நெட்வொர்க் ஃபோல்டரில் வைத்து நாலு பேர் திறந்தால் பூட்டு முறை நம்பும்படி வேலை செய்யாது, கோப்பு கெடும். ஆக்ஸஸ் கோப்புக்கு 2 ஜிபி எல்லை, மேக்கிலும் லினக்ஸிலும் ஆக்ஸஸே கிடையாது. தேதியையும் தொகையையும் ஓ.எஸ். அமைப்பைக் கேட்டுக் காட்டாதீர்கள். அமெரிக்க ஆங்கிலத்தில் நிறுவிய விண்டோஸ் 03-04-ஐ மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும், 1,25,000-ஐ 125,000 என்று எழுதும்.

தராசை இணைக்கும்போது

ஈரோடு, பெருந்துறைப் பக்கம் மஞ்சள் மூட்டை எடை போடும் இடத்தில் தராசு நேராகக் கம்ப்யூட்டரோடு பேசும். அந்த இணைப்பு விண்டோஸில் காம் 3 என்ற மாதிரிப் பெயரில் வரும், யு.எஸ்.பி.யை வேறு துளையில் செருகினால் எண் மாறிவிடலாம். லினக்ஸில் துளைக்கு ஒரு கோப்புப் பெயர் கிடைக்கும். பொதுவாக அதைத் திறக்கும் பயனர் 'டயல் அவுட்' குழுவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அனுமதி இல்லை என்று நின்றுவிடும். இணைக்கும் கருவிகளுக்குப் பெயர் வைக்கிற லினக்ஸின் யூடெவ் அமைப்பில் விதி எழுதி நிரந்தரப் பெயர் கொடுத்துவிடுவது நல்லது. மேக்கில் ஒரே துளைக்கு 'டி.டி.ஒய்.', 'சி.யூ.' என்று இரண்டு பெயர் வரும், 'சி.யூ.'வைத் திறக்க வேண்டும், மற்றது எதிர்முனையின் சைகைக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். எனவே துளைப் பெயரைத் திரைக்குள் எழுதிவைக்காமல், தராசோடு பேசுவதற்கென்று அந்தப் பெட்டியில் ஒரு சிறிய புரோகிராமை ஓடவிட்டு, திரை அதனிடம் கேட்கும்படி செய்யுங்கள். எடைத் திரையில் எண் 96 பிக்சலாவது இருக்கட்டும், மூட்டையைத் தூக்கி வைக்கிறவர் எட்டி நின்று பார்ப்பார். தராசு இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போது எண் சாம்பல் நிறம், நிலைத்ததும் கறுப்பு, கறுப்பானபின்தான் என்டர் ஏற்கும். மூட்டையில் இருப்பது விரலி மஞ்சளா கிழங்கு மஞ்சளா என்பதற்கு இரண்டே இரண்டு பெரிய பொத்தான் போதும், கீழே இழுக்கும் பட்டியல் வேண்டாம்.

சோதிக்கிற முறை

மெய்நிகர் கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் ஓட்டிப் பார்த்துவிடலாம். மேக் ஓ.எஸ்.ஸை ஆப்பிள் அல்லாத பெட்டியில் ஓட்ட உரிமம் அனுமதிக்காது, டிசைன் செக்‌ஷனின் மேக்கை மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டு வாங்குவதுதான் வழி. அளவுகள்: 1366×768 திரையில் 100, 125 சதவீதம்; 1920×1080 திரையில் 125, 150; சதுர மானிட்டர் ஒன்று; மேக் ஒன்று. ஒவ்வொன்றிலும் மவுஸைக் கழற்றிவிட்டு, 11 கலர், 8 சைஸ் உள்ள ஒரு ஆர்டரை முழுக்க என்டர் செய்து சேமியுங்கள். நடுவில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், தட்டியது திரையிலேயே நிற்கிறதா, மேல்பட்டை சிவப்பாகிறதா என்று பாருங்கள். பிறகு விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றி அதே வேலையை இன்னொரு முறை. ஒரு ஆர்டரை இரண்டு பெட்டியில் திறந்து வைத்து இரண்டிலும் சேமித்துப் பாருங்கள், இரண்டாவது பெட்டி "இதை வேறொருவர் மாற்றியிருக்கிறார்" என்று எந்தக் கட்டம் மாறியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பேசாமல் முந்தையதன் மேல் எழுதிவிட்டால் அன்றைக்கே நிறுத்திச் சரிசெய்யுங்கள். டியூப் லைட்டுக்கு நேர்கீழே இருக்கும் செக்கிங் மேஜையில் ஒருமுறை திரையைப் போட்டுப் பார்ப்பதும் அவசியம். டிசைனரின் மானிட்டரில் தெளிவாகத் தெரிந்த இளஞ்சாம்பல் கோடுகள் மலிவான பேனலில் அந்த வெளிச்சத்தில் அடியோடு காணாமல் போகும், கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் எல்லையே தெரியாது. கோட்டைக் கறுப்பாக்குவதைவிட ஒன்று விட்டு ஒரு வரிக்கு லேசான நிறம் கொடுப்பது கண்ணுக்கு இதம்.